நினைவிருக்கையில் சொல்லிவைத்த சொல்

இறப்புக்குப் பின் வீடும் நிலமும் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதிவைப்பது பழைய வழக்கம். இறப்புக்கு முன்னரே பேசவோ முடிவெடுக்கவோ இயலாத ஒரு காலம் வந்துவிட்டால், தம் உடலுக்கு எந்தச் சிகிச்சையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவுள்ளபோதே சொல்லிவைப்பதோ, மூச்சும் இதயத் துடிப்பும் தாமாக இயங்காத நிலையிலும் உடலை நாள்கணக்கில் காத்துவைக்க மருத்துவம் கற்றுக்கொண்ட பிறகு தோன்றிய வழக்கம். மருத்துவ அறவியலார் இதனை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்பர். அதன் எழுத்து வடிவத்தை ‘லிவிங் வில்’ என்ற பெயரிலேயே பலரும் அறிவர். இங்கே அது முன்விருப்ப ஆவணம் எனப்படும்.

விபத்தில் தலையில் அடிபட்டு உணர்விழந்தவர் திறத்தில் இந்த ஆவணம் பெரிய தத்துவச் சிக்கல் எதையும் எழுப்புவதில்லை. முன்பு எழுதியவரும் இப்போது கட்டிலில் கிடப்பவரும் ஒருவரே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கிடப்பவர் முன்பு எழுதியதை மறுத்து எதுவும் சொல்வதுமில்லை. டிமென்ஷியா எனப்படும் மறதிநோயில்தான் சிக்கல் தொடங்குகிறது. மறதிநோயாளி ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கிறார். உண்கிறார், சிரிக்கிறார், கையை உதறுகிறார், தம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். தெளிவுள்ள நாளில் அவர் எழுதிவைத்த சொல் ஒரு பக்கமும், இன்று அவர் முகத்தில் தெரியும் விருப்பமோ வெறுப்போ மறுபக்கமும் இழுக்குமானால், அருகிலிருப்பவர் எதற்குச் செவிசாய்ப்பது என்னும் கேள்வி மருத்துவத்தைத் தாண்டி, ஆள் என்பவர் யார், நினைவு போன பின்னும் அவர் எஞ்சுகிறாரா என்ற பழங்கேள்வியில் போய் நிற்கிறது.

அந்தக் கேள்விக்குள் புகுமுன் நோயைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை விலக்கியாக வேண்டும். மறதிநோய் என்னும் பெயரே ஒரு திரையாகிவிட்டது. பெயர்களும் வழிகளும் மறந்துபோகும் முதுமைத் தொல்லை என்ற அளவிலேயே பலர் அதனைப் புரிந்துகொள்கின்றனர். அது உயிரைக் கொல்லும் நோய் என்பது குடும்பத்துக்குக் கடைசி மாதங்களில்தான் தெரியவருகிறது, சில குடும்பங்களுக்கு அப்போதும் தெரிவதில்லை. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள 22 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், நோய் முற்றிய நிலையில் இருந்த 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், அக்கால எல்லைக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 86 விழுக்காட்டினருக்கு உண்பதிலும் விழுங்குவதிலும் கோளாறு வந்தது. 41 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. நோயின் போக்கையும் முடிவையும் அறிந்திருந்த உறவினரைக் கொண்ட நோயாளிகளுக்கு, கடைசி மூன்று மாதங்களில் துன்பம் தரும் சிகிச்சைகள் குறைவாகவே செய்யப்பட்டன என்பது அவ்வாய்வின் முக்கியமான முடிவு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஓர் ஆய்வு 2023இல் கணித்தது. இவர்களுள் பெரும்பாலோரின் கடைசிக் காலச் சிகிச்சையைப் பற்றி, அவர்கள் பேசக்கூடிய நிலையில் இருந்தபோது எவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்வதற்குக் கணக்கெடுப்பு தேவையில்லை.

மேலை மெய்யியலில் இந்த விவாதத்தின் வேர் 17ஆம் நூற்றாண்டின் ஜான் லாக்கிடம் இருக்கிறது. ஓர் ஆள் நேற்றும் இன்றும் ஒருவராகவே இருப்பது உடலாலும் அன்று, ஆன்மா என்னும் பொருளாலும் அன்று. நேற்றைய செயலைத் தன் செயலாக உணரும் உணர்வே அவரை ஒருவராக்குகிறது என்பது லாக்கின் கொள்கை. அதனை அப்படியே ஏற்றால், நினைவு முற்றும் அழிந்தவர் முன்பிருந்த ஆள் அல்லர் என்றாகும்; வேறோர் ஆளின் கையெழுத்தைக் காட்டி இவருக்குச் சிகிச்சையை மறுப்பது எப்படி நியாயமாகும் என்ற எதிர்க்கேள்வியும் உடனே எழும். தாமஸ் ரீடு 18ஆம் நூற்றாண்டில் இக்கொள்கையின் ஓட்டையைச் சுட்டினார். சிறுவயதில் பிரம்படி பட்டதை இளம் படைவீரன் நினைவில் வைத்திருக்கிறான். படைவீரனாக வீரச்செயல் புரிந்த நாள்களை, பின்னாளில் முதிய தளபதியான அவரே நினைவில் வைத்திருக்கிறார், ஆனால் பிரம்படியை மறந்துவிட்டார். லாக்கின்படி தளபதியும் வீரனும் ஒருவர், வீரனும் சிறுவனும் ஒருவர், தளபதியும் சிறுவனும் மட்டும் ஒருவரல்லர் என்ற முரண் வருகிறது. நினைவு அறுபட்டாலும் ஆள் அறுபடுவதில்லை என்பதற்கு இது போதுமான சான்று. ஆயினும், அறுபடாமல் எஞ்சுவது எது என்பதை ரீடின் எடுத்துக்காட்டு சொல்லவில்லை.

இக்காலத்தில் இதனை மறதிநோயோடு நேராகப் பொருத்திப் பேசியவர் அமெரிக்கச் சட்டமெய்யியலாளர் ரொனால்டு டுவோர்க்கின். 1993இல் வெளியான நூலில், மார்கோ என்ற பெயரால் குறிக்கப்பட்ட அல்சைமர் நோயாளி ஒருவரை அவர் எடுத்துக்காட்டினார். மார்கோ புத்தகத்தைக் கையில் வைத்துப் பக்கங்களை முன்னும் பின்னும் தாவித் தாவிப் புரட்டுவார். ஒரே ஓவியத்தை நாள்தோறும் தீட்டுவார். ஒரே பாட்டை ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோல் கேட்டு மகிழ்வார். அவர் தெளிவாக இருந்தபோது, இந்நிலை வந்தால் வேறு உயிர்க்கொல்லி நோய்க்குத் தமக்குச் சிகிச்சையே கூடாது என்று எழுதிவைத்திருந்ததாக வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது டுவோர்க்கினின் கேள்வி. மனிதருக்கு இருவகை நலன்கள் உண்டு என்று அவர் பிரித்தார்: உண்பது, பாடல் கேட்பது, வெயிலில் அமர்வது போன்ற அனுபவ நலன், தம் வாழ்க்கை முழுவதும் எப்படி அமைய வேண்டும் என்று ஒருவர் கொண்டுள்ள மதிப்பீட்டு நலன். பின்னதே ஆழமானது என்பதால், முன்பு எழுதியதைப் பின்பற்றுவதே மார்கோவுக்குச் செய்யும் மரியாதை என்று அவர் முடித்தார்.

ரெபெக்கா டிரெஸ்ஸர் இதனைக் கடுமையாக மறுத்தார்: மகிழ்ச்சியாக உயிர் வாழும் ஒருவரை, அவரால் இன்று புரிந்துகொள்ளவே முடியாத ஒரு கொள்கைக்காகச் சாகவிடுவது கண்முன் இருக்கும் மனிதரைக் காண மறுப்பதாகும் என்றார். அக்னியெஷ்கா யவொர்ஸ்கா 1999இல் இருவருக்கும் இடையில் ஒரு வழி கண்டார். வாழ்க்கையை முழுமையாகத் தொகுத்துப் பார்க்கும் ஆற்றல் போன பின்னும், ஒன்றை மதிக்கும் ஆற்றல் வெகுகாலம் எஞ்சியிருக்கும். ஒரு வேலையைத் தாமே செய்து முடிப்பதில் நோயாளி காட்டும் பெருமிதமும், பிறருக்கு உதவ முடியாதபோது அவர் படும் வருத்தமும் வெறும் இன்ப துன்பமல்ல, மதிப்பீடே என்பது அவர் வாதம். மறதிநோயாளரோடு பழகியவர் எவரும் இதனை மறுக்க மாட்டார்கள். மகனின் பெயரை மறந்த தாய், அவன் சாப்பிட்டானா என்று கேட்க மறப்பதில்லை.

இந்த வாதங்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. நெதர்லாந்தில் 2002 முதல் நடப்பிலுள்ள கருணைக்கொலைச் சட்டம், முடிவெடுக்கும் திறன் போன பின்னும் எழுத்தில் தந்த வேண்டுகோளின்படி மருத்துவர் உயிரை முடிக்க இடமளிக்கிறது. அந்நாட்டில் அல்சைமர் நோயுற்ற 74 வயதுப் பெண்மணி ஒருவர், பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட நேர்ந்தால் உயிரை முடித்துக்கொள்ள விரும்புவதாக முன்பு எழுதியிருந்தார். காலம் கனிந்துவிட்டதெனத் தாமே கருதும்போது என்ற பொருளில் ஒரு தொடரையும் அதில் சேர்த்திருந்தார். இல்லத்துக்கு வந்த பின் அவர் காட்டிய குறிப்புகள் ஒருமித்தவையாக இல்லை. 2016இல் அவருடைய காப்பியில், அவருக்குச் சொல்லாமல், தூக்க மருந்து கலந்து கொடுக்கப்பட்டது. ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் எழ முயன்றார். குடும்பத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டனர். மருத்துவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2019இல் ஹேக் நகர நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2020 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்பு எழுதிய வேண்டுகோளை இத்தகைய நிலையில் மருத்துவர் பின்பற்றலாம் என்று தீர்ப்பளித்தது.

சட்டப்படி சரியென்று முடிந்த இவ்வழக்கு அறத்தின்படி முடிந்ததாகக் கொள்ள முடியாது. முன்பு எழுதியவரின் உரிமையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, இப்போது எழ முயலும் கைகளைப் பிடித்தழுத்த வேண்டிவந்தது என்றால், அந்த உரிமையைத் தாங்கும் ஆளாக அக்கைகளுக்கு உரியவர் கருதப்படவில்லை என்றே பொருள். மருந்தை மறைத்துக் கலந்தது, அவருக்குச் சொன்னால் மறுப்பார் என்ற ஐயத்துக்கு இடமிருந்ததையே காட்டுகிறது. மறுக்கக்கூடியவர் ஒருவர் அங்கே இருந்தார்.

இத்தகைய ஆவணங்களை விளக்கும்போது கிரேக்க ஒடிசியஸின் கதையை மேலை எழுத்தாளர்கள் அடிக்கடி எடுத்தாள்வர். கடற்பெண்களின் பாட்டில் மயங்கிக் கடலில் குதித்துவிடாமலிருக்கத் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல்லி, பின்னர் எவ்வளவு கெஞ்சினாலும் அவிழ்க்காதீர்கள் என்று மாலுமிகளுக்கு அவன் ஆணையிட்டான். மனநோய் வந்து வந்து தெளிகிறவர்களுக்கு இவ்வுவமை பொருந்தும். பாட்டு ஓய்ந்ததும் ஒடிசியஸ் தெளிந்து மாலுமிகளுக்கு நன்றி சொல்வான். மறதிநோயில் அந்தக் கரை வருவதில்லை. கட்டை அவிழ்க்காததற்காக நன்றி சொல்லவோ, ஏன் அவிழ்க்கவில்லை என்று கோபிக்கவோ பழைய ஆள் திரும்பப் போவதில்லை. ஆகவே ஆணை என்னும் கருத்து, தலைவன் ஏவலரை ஏவுவது போன்ற அந்த உருவம், இந்நோயிடம் வந்ததும் வலுவிழந்துவிடுகிறது. வேறோர் உருவம் வேண்டும்.

அந்த உருவத்தைத் தேடுவோருக்குத் தமிழ்ச் சமய மரபு இரண்டு இடங்களில் கைகொடுக்கிறது. முதலாவது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு நூற்பாக்களுள் நான்காவது, உயிரும் அந்தக்கரணங்களும் ஒன்றல்ல என்று நிறுவுகிறது. அந்தக்கரணம் என்பது அகக்கருவி. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அது நான்கு. சிந்தித்தலும் நினைத்தலும் தீர்மானித்தலும் இக்கருவிகளின் தொழில்கள். ஆணவ மலத்தால் மறைக்கப்பட்ட உயிர் இவற்றின் துணையின்றி எதையும் அறியாது. ஆயினும் இவற்றுள் எதுவும் உயிராகிவிடாது. அமைச்சர்களைக் கொண்டு ஆளும் அரசன் இதற்கு உவமை. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்னும் ஐந்து நிலைகளிலும் கருவிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கினாலும் நிற்பது அதே உயிர்தான்.

மறதிநோயை இவ்வுவமையின் வழியே பார்த்தால் லாக்கின் இக்கட்டு விலகிவிடுகிறது. அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பணியை விட்டு நீங்குகின்றனர். ஓலைகள் உள்ளே வருவதில்லை, ஆணைகள் வெளியே செல்வதில்லை. அரசன் அரண்மனையில் இருக்கிறான். தீர்மானிக்கும் திறன் போயிற்று என்று மருத்துவர் சொல்வது உண்மை. ஆள் போய்விட்டார் என்று பிறர் சொல்வது உண்மையன்று. ஆழ்ந்து உறங்குகிறவரைப் பார்த்து இவர் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. பௌத்தம் நிலையான உயிரை ஏற்பதில்லை. எனினும் மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனுக்கு நாகசேனர் விளக்கியதாக வரும் உரையாடலில், இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் அதுவேயும் அன்று, வேறும் அன்று என்று சொல்லப்படுகிறது. சைவம் சுடருக்குப் பின்னால் ஒன்றைக் காண்கிறது, பௌத்தம் காணவில்லை. கடை யாமத்துச் சுடர் அணைந்துவிட்டதாகக் கொள்ள இரண்டுமே இடம் தருவதில்லை.

இரண்டாவது இடம் வைணவம். இங்கேதான் முன்கூட்டிச் சொல்லுதல் என்பதே நேரடியாக ஆராயப்படுகிறது. பகவத் கீதையின் எட்டாம் அத்தியாயம், இறக்கும் தறுவாயில் ஒருவர் எதை நினைக்கிறாரோ அதையே அடைவார் என்ற கருத்தைச் சொல்கிறது. இதற்கு அந்திம ஸ்மிருதி, அதாவது கடைசி நினைவு என்று பெயர். வாழ்நாளெல்லாம் பத்தி செய்தவர் கடைசியில் நினைவு தவறிக் கிடந்தால் அவர் கதி என்ன என்ற அச்சம் இக்கருத்திலிருந்தே பிறக்கிறது. பெரியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானை நோக்கிப் பாடிய ஒரு பதிகம் இந்த அச்சத்தை நேர்நின்று பேசுகிறது. தளர்ச்சி மேலிடும் அந்த நேரத்தில் தம்மால் எதையும் நினைக்க இயலாது என்பதை ஆழ்வார் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். ஆதலால் நினைக்க முடிந்த இந்நேரத்திலேயே, வரப்போகும் அந்நேரத்துக்கான விண்ணப்பத்தைப் பெருமானிடம் சொல்லிவைத்துவிடுகிறார். இக்காலத்து முன்விருப்ப ஆவணத்துக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை மேலோட்டமானதன்று. தம் அறிவு ஒருநாள் தம்மைக் கைவிடும் என்பதை அறிவு உள்ளபோதே ஏற்றுக்கொள்வதுதான் இரண்டுக்கும் முதற்படி. பெரும்பாலோர் தயங்கி நிற்பதும் அந்தப் படியிலேதான்.

இதற்கு இறைவன் தரும் மறுமொழியாக வைணவர்கள் கொள்வது வராக சரம சுலோகம். வேதாந்த தேசிகர் இதற்கென்றே ரகசிய சிகாமணி என்னும் நூலை எழுதினார். உடல் நலமாகவும் மனம் நிலையாகவும் இருக்கும்போது ஒருவர் இறைவனாகிய தம்மை நினைத்திருந்தால், அவர் கட்டையும் கல்லும்போல் உணர்வற்றுக் கிடக்கும் கடைசி வேளையில் தாம் அவரை நினைத்து நற்கதிக்குக் கொண்டுசெல்வதாக வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு வாக்களிக்கிறார் என்பது அதன் கருத்து. நினைக்கும் பொறுப்பு பத்தரிடமிருந்து இறைவனுக்கு மாறுகிறது. அடைக்கலம் புகுந்தவருக்குக் கடைசி நினைவு கட்டாயமன்று என்ற வைணவ ஆசாரியர்களின் நிலைப்பாடும் இதனோடு சேர்ந்ததே. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறித்தவ இறையியலாளர் ஜான் ஸ்விண்டன், மறதிநோயைப் பற்றி 2012இல் எழுதிய நூலில், மனிதர் எஞ்சுவது அவர்தம் நினைவில் அன்று, கடவுளின் நினைவில் என்று வாதிடுகிறார். ஒரே துயரத்தைக் கூர்ந்து பார்த்த இரு சமயங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இங்கே கிடைப்பதுதான் தேடிய உருவம்: ஆணையன்று, அடைக்கலம். பாய்மரத்தில் கட்டச் சொன்னவன் மாலுமிகளின் அறிவை நம்பவில்லை. அவர்கள் காதை மெழுகால் அடைத்தான். அடைக்கலம் தருகிறவரோ தம்மை ஏற்பவரின் கண்ணையும் காதையும் நம்பியே தருகிறார். முன்விருப்ப ஆவணத்தை இப்படிப் புரிந்துகொண்டால் அதன் எடை எங்கே இருக்கிறது என்பது மாறிவிடுகிறது. எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்ற பட்டியலைக் காட்டிலும், யாரிடம் சொல்லிவைக்கப்பட்டது என்பதே முதன்மை பெறுகிறது. பட்டியல் எழுதியவர் முன்னறியாத நிலைமைகளைப் பற்றி வாய் திறக்காது. சொல்லக் கேட்டிருந்தவர், சொன்னவரின் மனத்தை அறிந்து புதிய நிலைமைக்கும் அதனைப் பொருத்துவார். கூடவே, எதிரில் இருப்பவரின் முகத்தையும் அவர் பார்ப்பார்.

ஒரு குறிப்பான நிலைமையில் வைத்து இதனைச் சோதிக்கலாம். பிறந்தது முதல் புலால் உண்ணாத முதியவர் ஒருவர், நோய் முற்றிய பின் பராமரிப்பு இல்லத்தில் பக்கத்து மேசையிலிருந்து வரும் மீன் குழம்பின் மணத்துக்குக் கை நீட்டுகிறார் என்று கொள்வோம். டுவோர்க்கின் வழி நிற்போர் கொடுக்கக் கூடாது என்பர். டிரெஸ்ஸர் வழி நிற்போர் கொடுக்கலாம் என்பர். இருவரும் முதியவருக்கும் அவருடைய விரதத்துக்கும் இடையில் உள்ள உறவை மட்டுமே பார்க்கின்றனர். புத்தி தெளிவற்றவர் மீது சமயக் கடமை சுமத்தப்படுவதில்லை என்பது இசுலாமியச் சட்டவியலின் தெளிந்த முடிவு. அவர் உண்டுவிட்டாலும் அது அவர் செய்த பாவமாகாது என்பதைப் பிற சமயத்தாரும் ஏற்கத் தடையில்லை. ஆனால் அவர் மறந்த விரதத்தை நினைவில் வைத்திருப்பவர் இருக்கிறார். அவர் மேசையை மாற்றிப் போடலாம். அதே புளியும் பூண்டும் மணக்கும் வத்தக்குழம்பைச் சூடாகக் கொண்டுவந்து வைக்கலாம். விரதம் காக்கப்படுகிறது, நீட்டிய கையும் வெறுமையாகத் திரும்பவில்லை. கிண்ணத்தைப் பிடுங்கி அதட்டுவது மட்டும் எந்த விரதத்தின் பெயராலும் தகாது. விரதம் இனிக் காப்பவரின் பொறுப்பு, மறந்தவரின் குற்றமன்று. மேசையை மாற்றியும் முதியவர் அடங்காமல் அழுவாரானால் அவர் கேட்டதைக் கொடுப்பதே மேல்.

இதிலிருந்து ஓர் எல்லைக்கோடும் புலப்படுகிறது. முன்பு சொன்ன சொல்லுக்கு ஒரு செயலைத் தடுக்கும் வலிமை உண்டு: மூச்சுக்குழாயைச் செருகாதே, கடைசி நாள்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச்செல்லாதே என்று அது சொன்னால் அதன்படி நிற்கலாம், ஏனெனில் அங்கே எவருடைய கையும் பிடித்தழுத்தப்படுவதில்லை. எழ முயலும் ஒருவர்மீது ஒரு செயலைச் செலுத்தும் வலிமை அதற்குக் கிடையாது. மார்கோவைப் போல மகிழ்ச்சியாக இருப்பவருக்கு எளிய நிமோனியா வரும்போது மாத்திரை தருவதைக்கூடத் தடுக்கலாமா என்பது இக்கோட்டின்மேல் வந்து நிற்கும் கடினமான கேள்வி. அங்கே முகம் சொல்வதற்கே கூடுதல் எடை தருவது சரி. உண்ணாநோன்பால் உயிர் துறக்கும் சமண சல்லேகனையும், அதனோடு ஒப்பிடப்படும் சங்ககாலத்து வடக்கிருத்தலும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கவை. சல்லேகனையை இராசத்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் குற்றமென அறிவித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்நோன்பை ஏற்பவர் விழிப்போடு ஏற்க வேண்டும், விழிப்போடு தொடர வேண்டும். மறதிநோயாளிக்காகப் பிறர் அதனை முன்பு எழுதிய ஒரு தாளைக் காட்டி நடத்திவைக்க முடியாது. உயிர்துறப்பை இவ்வளவு உயர்வாக மதிக்கும் மரபே அதனைக் கைமாற்றித் தரக்கூடாததாக வைத்திருக்கிறது.

இந்தியச் சட்டம், எண்ணியோ எண்ணாமலோ, ஏறத்தாழ இந்தக் கோட்டின்மீதே நிற்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையுள் அடங்கும் என்று கூறி, முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. குணமாகும் வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கவும் நிறுத்தவும் மட்டுமே இதில் இடமுண்டு, ஊசிபோட்டு உயிரை முடிக்க இடமில்லை. முதலில் முதல்வகுப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்ததால் ஆவணம் எழுதுவதே அரிதாயிற்று. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். நடைமுறைப்படுத்தும் வேளையில் மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும், பின்னர் இரண்டாம் குழுவும் ஆராய்ந்து, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துத் தெரிவிக்க வேண்டும். ஆவணத்தில், தம் சார்பில் பேசவேண்டிய பாதுகாவலரையோ நெருங்கிய உறவினரையோ பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டோரையும் குறிக்கலாம். அந்த ஒரு வரியில்தான் அடைக்கலம் இருக்கிறது.

அந்த வரியை நிரப்பக் காலம் குறுகியது. நோய் உறுதியான தொடக்க மாதங்களில், பலர் கணக்கு வழக்கில் தடுமாறினாலும் தம் கடைசிக் காலத்தைப் பற்றித் தெளிவாகப் பேசக்கூடியவர்களே. குடும்பத்தார் அப்போது இப்பேச்சை அபசகுனமாகக் கருதி வாயடைப்பது அன்பினால்தான். பெருமானிடமே கடைசி வேளையைப் பற்றி முகம்நோக்கிப் பேசிய ஆழ்வாரின் மரபில் வந்தவர்கள் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பேச வேண்டியவையும் பல அல்ல: யார் பேச வேண்டும், நீளும் உயிரா, வலியில்லாத நாள்களா, எது பெரிது, எங்கே சாக விருப்பம், விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது.

கடைசிக் கேள்விதான் குடும்பங்களைப் பிளக்கிறது. உணவு ஊட்டாதிருப்பது பட்டினி போடுவதல்லவா என்ற குற்றவுணர்வினால், மூக்கு வழியாகக் குழாய் செருகச் சம்மதிக்கின்றனர். நோய் முற்றியவர்களுக்கு இக்குழாய் பரிந்துரைக்கத் தக்கதன்று என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் அறிவித்தது. அதற்கு மாற்றாக அது சொன்னது கையால் ஊட்டுவதை. குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் இறங்குவதைத் தடுப்பதாகவோ சான்றில்லை. குழாய் ஏன் மூக்கில் இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. அவர் அதைப் பிடுங்குவார். பிடுங்காதிருக்கக் கையில் துணி சுற்றிக் கட்டிலின் சட்டத்தோடு கட்டுவார்கள். ஊட்டுவது அப்படியன்று. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, குழையப் பிசைந்த ரசஞ்சோற்றைக் கால் கரண்டி அளவில் உதட்டில் தொடுவித்து, வாய் திறக்கும்வரை காத்து, தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவதைப் பார்த்த பின்னரே அடுத்த கரண்டியை எடுக்க வேண்டும். அரைக் கிண்ணத்துக்கு ஒரு மணி நேரமாகும். நடுவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது வயிறு நிறைந்ததாலும் இருக்கலாம், பல்வலியாலும் இருக்கலாம், ஊட்டும் கை பழகாததாலும் இருக்கலாம், இனி வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். முன்பு எழுதிய தாள் அதைச் சொல்லாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, அவரை நெடுநாள் அறிந்த ஒருவர் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்க வேண்டும்.